பத்தாயிரம் பேனாக்கள்

அத்தியாயம் பதினான்கு

ஒரு வீட்டில் இரண்டு பேர் பேசுவதை நிறுத்திக்கொண்டால் மூன்றாவது ஆளுக்கு வேலை கூடிப்போகும். சின்னவனுக்கு எட்டு மாதமாக அந்த வேலைதான்.

அக்கா இரண்டு பெட்டிகளோடு அத்தானின் வீட்டைவிட்டு இறங்கிப் போனதையும், இருவரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனியைவிட்டு மட்டும் இறங்க மறுத்ததையும் நாம் அறிவோம். அவள் தன் வாடகை வீட்டில் உட்கார்ந்து வேலை செய்தாள். அத்தான் அலுவலகத்தின் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். நடுவில் சின்னவன். அவளுக்குத் தம்பி, இவருக்கு மச்சான்.

"அந்த ஆளுகிட்ட சொல்லு, என் சிவப்புக் கோட்டுல கை வெச்சா கையை ஒடிச்சிடுவேன்னு" என்று அக்கா போனில் சொல்வாள்.

சின்னவன் முன்னறைக்குப் போவான். "அத்தான், சிவப்பு இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்னு அக்கா நினைக்கறா."

"அவ நினைப்பை அவளையே வெச்சுக்கச் சொல்லு."

சின்னவன் போனுக்குத் திரும்புவான். "யோசிச்சுச் சொல்றேன்னாரு அக்கா."

அவன் எழுதிய கம்ப்யூட்டர் நிரலும் கிட்டத்தட்ட இதையேதான் செய்தது.

பதினோரு வருடங்களுக்கு முன் அக்கா சி என்ற கணினி மொழியில் ஒரு லைப்ரரி எழுதினாள். பிற நிரல்கள் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷன்கள், அதாவது சின்னச் சின்னக் கட்டளைத் துண்டுகள், அடங்கிய தொகுப்பு. அது கோடு போடும், வட்டம் போடும், வண்ணம் நிரப்பும். நகரத்துக்குத் தண்ணீர் விடும் நிலையத்தின் பெரிய திரையில் பதினெட்டுத் தொட்டிகளையும் அவற்றின் குழாய்களையும் வரைந்து காட்டிவந்தது அதுதான். சி, இயந்திரத்தின் காதருகே போய்ப் பேசும் மொழி. எதையும் கையால் எடுத்து, வேலை முடிந்ததும் கையால் திருப்பி வைக்க வேண்டும்.

நாலு மாதத்துக்கு முன் அத்தான், திரைக்குப் புது முகம் வேண்டுமென்றார். சின்னவன் அதை வேறொரு மொழியில் எழுதினான். அந்த மொழியில் யாரும் எதையும் திருப்பி வைக்க வேண்டியதில்லை. வேண்டாததைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போகலாம். பின்னாலேயே வந்து பெருக்கி அள்ளிக்கொண்டு போக உள்ளேயே ஓர் ஏற்பாடு உண்டு. புது முகம் உத்தரவு கொடுக்கும், அக்காவின் பழைய ஃபங்ஷன்கள் வரையும். இரண்டுக்கும் நடுவே, இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கத்துக்குப் புரிகிறபடி மாற்றிக் கொடுக்கும் ஒரு மெல்லிய அடுக்கு. தான் செய்ததிலேயே சிறந்த வேலை அந்த அடுக்குதான் என்று சின்னவன் நினைத்திருந்தான்.

ஆனால் புது முகம் நிலையத்துக்குப் போன நாளிலிருந்து திரை வெளுக்க ஆரம்பித்தது. ஓடத் தொடங்கி ஒரு மணி இருபது நிமிடத்தில் குழாய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். பிறகு தொட்டிகள். பிறகு பனி கொட்டிய வயல்போல வெறும் வெள்ளை. நிரலை மூடித் திறந்தால் எல்லாம் திரும்பி வரும். மறுபடி ஒரு மணி இருபது நிமிடம்.

"பழைய லைப்ரரி. புதுசோட வேகத்துக்கு ஈடு கொடுக்கல" என்றார் அத்தான். போன வாரம் நிலையப் பொறியாளர் கேட்டபோது சின்னவனும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்: "நிரல்ல எங்கயோ கசியுது சார். ஆனா என் பக்கம் கசிய வாய்ப்பே இல்ல. இந்த மொழியில அதுக்கு இடமே கிடையாது."

அப்போது அவன் அதை நம்பித்தான் சொன்னான்.

இன்று பதினோரு மணிக்குத் தீர்ப்பு. குறை அக்காவின் லைப்ரரியில்தான் என்று ஒப்புக்கொண்டு, அவள் கம்பெனியைவிட்டு விலகுவதாகச் சொல்லும் கடிதம் ஒன்று அத்தானின் தோல்பையில் தயாராக இருந்தது. அதில் அவள் கையெழுத்துப் போட்டால் அவளுக்கும் கம்பெனிக்கும் இருந்த கடைசி நூலும் அறுந்துவிடும்.

*

காலை எட்டு மணிக்கு அலுவலகத்தில் சின்னவன் மட்டும் இருந்தான். கூட்டத்தில் காட்ட அக்காவின் குற்றத்துக்குச் சாட்சியாக ஒரு படம் எடுத்துக்கொண்டு போகலாம் என்றுதான் சீக்கிரம் வந்திருந்தான்.

நிரலை ஓடவிட்டான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சாதாரணமாக யாரும் எட்டிப்பார்க்காத ஒரு பத்தியை வரவழைத்தான். இந்த நிரல் வரைவதற்காக இயந்திரத்திடம் எத்தனை பொருள்களை வாங்கி வைத்திருக்கிறது என்று காட்டும் பத்தி அது.

அறுபத்தொன்று. அறுபத்து மூன்று. அறுபத்தைந்து.

திரை நொடிக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் எண் இரண்டு ஏறியது. ஒரு முறைகூட இறங்கவில்லை. ஒரு நிரலுக்கு இயந்திரம் பத்தாயிரம் பொருள்கள்வரை கடன் கொடுக்கும். அதன்பிறகு கையை விரித்துவிடும். சின்னவன் மனதுக்குள் வகுத்துப் பார்த்தான். ஒரு மணி இருபது நிமிடம் சொச்சம்.

எந்த இரண்டு?

அதைக் கண்டுபிடிக்க அரை மணி ஆனது. கோடு போட இயந்திரம் தரும் பொருளுக்குப் பேனா என்று பெயர். குழாய்க்கு நீலப் பேனா ஒன்று, மூடிய வால்வுக்குச் சிவப்புப் பேனா ஒன்று. ஒவ்வொரு நொடியும் அவனுடைய அடுக்கு அக்காவின் லைப்ரரியைத் தட்டி, "நீலம் ஒண்ணு கொடு, சிவப்பு ஒண்ணு கொடு" என்று கேட்டது. அக்காவின் ஃபங்ஷன் பேனாவைக் கொடுத்து, அதற்கான எண்ணைச் சீட்டுபோல நீட்டியது. கோடு போட்டு முடிந்ததும் அவன் நிரல் சீட்டைத் தரையில் போட்டுவிட்டு நடந்தது. பெருக்குகிற ஏற்பாடு பின்னால் வந்து சீட்டை அள்ளிக்கொண்டது. அதன் கண்ணுக்கு அது ஓர் எண், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு அப்பால் ஒரு பேனா காத்துக்கொண்டிருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

சின்னவன் அக்காவின் மூலக்கோப்பைத் திறந்தான். மொத்தம் அறுபத்திரண்டு ஃபங்ஷன்கள். வரையத் தேவையான நாற்பதை மட்டும் அவன் தன் அடுக்குக்குள் கொண்டுவந்திருந்தான். மீதியை அவன் படிக்கவே இல்லை. பேனா கொடுக்கும் ஃபங்ஷனின் தலைமேல் அக்கா ஒரு குறிப்பு எழுதியிருந்தாள்:

'வாங்குகிறவர்தான் திருப்பித் தர வேண்டும். நான் பின்னாலேயே வந்து கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.'

அதற்கு நேர் கீழே, திருப்பித் தரும் ஃபங்ஷன். பதினோரு வருடங்களாக அங்கேயே இருந்தது.

அவன் அதை அடுக்கில் சேர்த்தான். வரைந்து முடிகிற இடத்தில் இரண்டு வரி போட்டான். ஓடவிட்டான். அறுபத்தொன்று. அறுபத்து மூன்று. அறுபத்தொன்று. அறுபத்து மூன்று. தூங்குகிறவரின் மார்பு ஏறி இறங்குவதுபோல எண் அமைதியாக ஏறி இறங்கியது. ஒரு கணம் அவனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

பிறகுதான் போன வாரம் நிமிர்த்திய நெஞ்சு நினைவுக்கு வந்தது.

*

காரில் பாதி வழி போனதும் சொன்னான். அத்தான் ஒரு சிக்னலில் நிறுத்தியிருந்தார்.

"அத்தான், தப்பு நம்ம பக்கம்."

"எந்தப் பக்கம்?"

"என் பக்கம். பேனா வாங்கி வாங்கித் திருப்பியே தரல. காலையில சரி பண்ணிட்டேன். இப்ப வெளுக்காது."

அத்தான் கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டார். பச்சை விழுந்தது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"நல்லது. சொல்லாதே."

"அத்தான்..."

"கேளு மச்சான். கடிதத்துல அவ கையெழுத்து போடட்டும். ரெண்டு வாரம் கழிச்சு உன் ரெண்டு வரியைப் போட்டுக்கோ. 'புது லைப்ரரி மாத்திட்டோம் சார், பாருங்க, கண்ணாடி மாதிரி ஓடுது'ன்னு சொல்லிடலாம். உள்ள எது இருக்குன்னு யார் பிரிச்சுப் பார்க்கப் போறான்?"

"உள்ள இருக்கறது அக்காவோடதுதானே?"

"அதான் நல்லா எழுதியிருக்காளே, அப்புறம் எதுக்கு மாத்தணும்?" என்று சிரித்தார் அத்தான். சிரிப்பு சீக்கிரமே வற்றிவிட்டது. "எட்டு மாசமா ஒரு கலர் மாத்தணும்னாகூட நான் அவ வாசல்ல உன்னை அனுப்பி நிக்கவைக்கறேன். வீட்டை விட்டுப் போறப்ப என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா அவ? சாப்பாட்டு மேசையில ஒரு சாவி. அவ்வளவுதான். நான் வந்து விளக்கைப் போட்டுப் பார்த்தா சாவி."

சின்னவன் அந்தச் சாவிக் கதையை இதுவரை நூறு தடவை கேட்டிருக்கிறான்.

"அவ போயிட்டா தொழில்நுட்பத்துக்கு நீதான் தலைவன். அறைக் கதவுல பலகை. இன்னும் எத்தனை நாளைக்கு 'அக்கா என்ன சொல்றாளோ'ன்னு போனைத் தூக்கிட்டு ஓடுவே? முப்பத்து மூணு வயசாச்சு உனக்கு."

இது தைத்தது. முதன்முதலாக எழுதிய நிரலை அக்காவிடம் காட்டிய நாள் அவனுக்கு மறக்கவில்லை. தப்புகளை அவள் ஒவ்வொன்றாக வட்டமிட்டாள். கடைசியில் தாளைத் தூக்கிப் பிடித்து, "அம்மை போட்ட மாதிரி இருக்குடா" என்று சிரித்தாள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. இருந்தாலும் சிரித்தாள்.

"நீ பொய் சொல்ல வேண்டாம்" என்றார் அத்தான். "சும்மா இருந்தா போதும்."

*

தண்ணீர் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறை முதல் மாடியில் இருந்தது. சுவர் முழுக்கத் திரை. அதன் எதிரே சுழல் நாற்காலியில், இருபது வருடமாக அதே இடத்தில் உட்காரும் திரைக்காரம்மா. அவளை எல்லோரும் கூப்பிடுவது அப்படித்தான். அவள் மேசையில் சமையலறையில் வைக்கும் அலாரம் ஒன்று டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க தம்பி" என்றாள். "உங்க புது முகத்துக்கு நான் முட்டை வேகவைக்கற கடிகாரம் வாங்கியிருக்கேன். ஒண்ணே கால் மணி நேரத்துக்கு ஒருதடவை அடிக்கும். மூடுவேன், தொறப்பேன். கழிவறைக்குப் போறதா இருந்தாகூட இதைக் கேட்டுட்டுத்தான் போறேன்."

"சரியாயிடும்மா."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

அக்கா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதத்தில் கொஞ்சம் இளைத்திருந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையில் தன் நீலக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் ஜன்னலில் பழகிய ஊர் ஒன்று கடந்து போவதைப் பார்ப்பவளைப்போல.

"சாப்பிட்டியாடா?" என்றாள்.

"ம்."

"பொய். முகத்தைப் பார்த்தாலே தெரியுது."

நிலையப் பொறியாளர் வந்து மேசையின் தலைப்பக்கம் அமர்ந்தார். அவசரக்காரர். பேனாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே பேசுவார்.

"எனக்கு உங்க கம்பியூட்டர் சமாச்சாரம் வேண்டாம். குறை எங்க? யாரு பொறுப்பு? அதை மட்டும் சொல்லுங்க."

அத்தான் கடிதத்தை எடுத்து மேசைமேல் நகர்த்தினார். அக்காவைப் பார்க்காமல் சின்னவனைப் பார்த்துச் சொன்னார்: "படிச்சுப் பார்க்கச் சொல்லு."

"எனக்குக் காது கேக்குது" என்றாள் அக்கா. கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு அத்தானிடமிருந்தும் பொறியாளரிடமிருந்தும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு தம்பியை நேராகப் பார்த்தாள்.

"நீ சொல்லு. என் லைப்ரரிகிட்ட வாங்கறதையெல்லாம் உன் பக்கம் திருப்பித் தருதா?"

சின்னவனின் கண் திரைக்காரம்மாவின் அலாரத்துக்குப் போனது.

சும்மா இருந்தால் போதும் என்றார் அத்தான். ஆனால் கேள்வி கேட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? ஒரு வாக்கியம்தான். 'இல்லக்கா, நான் மறந்துட்டேன்.' சின்னவன் அதை நாக்கு நுனிவரை கொண்டுவந்தான். பொறியாளர் அவனைப் பார்த்தார். போன வாரமும் இதே நாற்காலியிலிருந்துதான் பார்த்தார். அத்தான் கூரையைப் பார்த்தார்.

"புது மொழியில அது தானாவே நடக்கும் அக்கா" என்றான். "நாம எதுவும் பண்ண வேண்டியதில்ல."

அக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டாள். அத்தானின் முகத்தில் சிரிப்பு எட்டிப்பார்த்தது.

"சரி" என்றாள் அக்கா. பேனா கேட்டாள். பொறியாளர் தன்னுடையதைக் கொடுத்தார். அவள் கையெழுத்துப் போடாமல், அதற்கு மேலிருந்த வெற்றிடத்தில் நிதானமாக எழுத ஆரம்பித்தாள்.

"என்ன எழுதறா?" என்று அத்தான் சின்னவனிடம் கேட்டார்.

"வாசிக்கறேன்" என்றாள் அக்கா. "'இந்த லைப்ரரி குறையுள்ளது என்று தயாரித்தவர்களே ஒப்புக்கொண்டுவிட்டதால், வரும் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பிறகு இந்த நிலையத்தின் எந்தத் திரையிலும் இது எந்தப் பெயரிலும் ஓடக் கூடாது.' கீழ என் கையெழுத்து."

போட்டாள். தாளை அத்தானுக்குத் தராமல் பொறியாளரிடம் தந்தாள்.

"அதெல்லாம் எதுக்கு?" என்றார் அத்தான். எட்டு மாதத்தில் முதன்முறையாக அக்காவை நேராகப் பார்த்துக் கேட்டார். "புதுசு வர ரெண்டு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் இது ஓடட்டுமே!"

"குறையுள்ளதுன்னு நீங்கதானே டைப் அடிச்சுக் கொண்டுவந்தீங்க?" என்றாள் அக்கா.

பொறியாளர் தலையை ஆட்டினார். "அம்மா சொல்றது நியாயம்தான். குறையுள்ளதுன்னு எழுதி வாங்கி வெச்சுக்கிட்டு நானே அதை ஓட்டினா, நாளைக்கு ஒரு தொட்டி நிரம்பி வழிஞ்சா கயிறு யார் கழுத்துக்கு? திங்கட்கிழமை ஆறு மணி." எழுத்துக்கு எழுத்து படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"அப்போ ரெண்டு மாசம் இந்தச் சுவத்துல என்ன தெரியும்?" என்று நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு கேட்டாள் திரைக்காரம்மா. "பதினெட்டுத் தொட்டிக்கும் நான் போனைப் போட்டு, 'அண்ணே, தண்ணி எதுவரைக்கும் இருக்கு'ன்னு கேக்கணுமா?"



*

அக்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சின்னவன் பின்னாலேயே ஓடினான். தாழ்வாரத்தில், தீயணைப்பு வாளிகள் தொங்கும் இடத்தில் அவளைப் பிடித்தான்.

"அக்கா, ஏன் இப்படிப் பண்ணே? கம்பெனியே போயிடும்."

"யாரோட கம்பெனி? நான்தான் கையெழுத்து போட்டு வெளிய வந்துட்டேனே."

"அக்கா..."

"உன் நிரலைப் பார்க்கறேன்னு போன வியாழக்கிழமை கேட்டேன்ல. அனுப்பினியே. அன்னைக்கே படிச்சுட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "பத்து நிமிஷம்டா. பேனா வாங்கறே, ஆனா திருப்பித் தர்ற ஃபங்ஷனைக் கொண்டுவரவே இல்ல."

"அப்போ ஏன் உள்ள சொல்லல?"

"நான் சொன்னா அது புருஷன் பொண்டாட்டி சண்டை. அவர் கேட்டுச் சிரிப்பார், அந்த இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்ப்பார். நீ சொன்னாதான் அது நிரல்ல இருக்கற தப்பு." கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குத் தெரியாதுன்னு நினைச்சுத்தான் வந்தேன். தெரியாம பண்ணியிருந்தா, அங்கேயே உக்காத்திவெச்சுக் சொல்லித் தந்திருப்பேன். கேள்வி கேட்டேன் பாரு, அப்போ நீ என்னைப் பார்க்கல. அலாரத்தைப் பார்த்தே."

அவன் வாளியில் இருந்த மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். யாரோ அதில் சிகரெட் துண்டுகளைச் செருகி வைத்திருந்தார்கள்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"இன்னைக்குக் காலையில."

"இன்னைக்குக் காலையில" என்று அவள் திருப்பிச் சொன்னாள். கணக்கு ஒன்று சரியாக வந்ததுபோலத் தலையை அசைத்தாள். "எனக்குப் பதவி வேண்டாம், பங்கு வேண்டாம். அந்தக் கடிதத்தைக் கிழிக்க ஒரே வழிதான். உள்ள போய் அந்த இன்ஜினியர்கிட்ட, உன் வாயால, 'தப்பு என்னுது'ன்னு சொல்லு. அத்தான்கிட்ட இல்ல, என்கிட்டயும் இல்ல. அவர்கிட்ட. திங்கட்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு."

"சொன்னா எனக்கு வேலை..."

"தெரியும்" என்றாள். "எனக்கு மட்டும் என்ன இருந்தது?"

அவள் படிக்கட்டை நோக்கித் திரும்பினாள். அவள் நாலைந்து படி இறங்குவதற்குள் கட்டுப்பாட்டு அறைக் கதவு திறந்தது. பொறியாளர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி வெளியே வந்தார். சின்னவனைப் பார்த்ததும் நின்று, அவன் தோள்மேல் கைபோட்டார். தாராளமான, கனமான கை.

"கஷ்டமாத்தான் இருக்கும் தம்பி. சொந்த அக்கா. ஆனா பாருங்க, முகத்துக்கு நேரா கேட்டப்பகூட நீங்க உள்ளதை உள்ளபடி சொன்னீங்க. எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு ஆள் கிடைக்க மாட்டான்."

சின்னவன் வாயைத் திறந்தான். பொறியாளர் காத்திருந்தார். அவசரக்காரர்தான், ஆனாலும் அந்த ஒரு தடவை மட்டும் பொறுமையாக, அன்பாகக்கூட, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"நன்றி சார்" என்றான் சின்னவன்.

கீழே இறங்கிக்கொண்டிருந்த செருப்புச் சத்தம் ஒரு படியில் நின்றது. பிறகு, முன்னைவிட வேகமாக, இறங்கிப் போனது.